மரத்தின் மீது ஓடும் வீடியோ: கலையா, இரவுக்கு இடைஞ்சலா?

ஜூன் 2 – இழையைத் தொடங்கிய வாசகர் கேள்வி

"வெளிநாடுகளில் பூங்கா மரங்களின் மீதும் பாறைகளின் மீதும் வீடியோவைப் பாய்ச்சி, இயற்கையும் தொழில்நுட்பமும் என்று பெயர் வைத்துத் திருவிழா நடத்துகிறார்கள். எனக்கு இது துளியும் பிடிக்கவில்லை. மரம் மரமாக இருந்தால் போதாதா? அதன் மீது மனித முகத்தைக் காட்டினால்தான் மக்கள் நிமிர்ந்து பார்ப்பார்களா? தூங்கும் பறவையின் கண்ணில் விளக்கடித்துவிட்டு இயற்கையைக் காப்போம் என்று பேசுவதை எப்படி ஏற்பது? இந்தத் துறையில் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள்."

ஜூன் 2, இரவு 10.20

இருக்கிறேன். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் திறந்தவெளி நிகழ்ச்சிகளுக்குப் புரொஜெக்டர் நிறுத்தி, படத்தை இடத்துக்குப் பொருத்திக் கொடுப்பது என் வேலை. பெரும்பாலும் கட்டடங்கள். மரங்கள் எப்போதாவது கிடைக்கும், கிடைத்தால் மகிழ்ச்சியாகப் போவேன். உங்கள் கேள்வியின் முதல் பாதியை மறுக்கிறேன். பறவையைப் பற்றிய இரண்டாம் பாதிக்கு இன்றிரவு பதில் சொல்ல மாட்டேன். அது கனமானது, யோசித்துத்தான் எழுத வேண்டும்.

2017 பிப்ரவரியில் பெர்த் கலைவிழாவின் ஒரு பகுதியாகக் கிங்ஸ் பார்க் பூங்காவில் ‘பூர்னா வாங்கினி’ நடந்தது. மரங்கள் பேசுகின்றன என்று பொருள். மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையைப் பூர்வீகமாகக் கொண்ட நூங்கர் மக்களின் மொழி. அதில் நான் வேலை செய்யவில்லை, பார்க்கப் போனவன்தான். பூங்காவின் சாலையின் இருபுறமும் எலுமிச்சை வாசனை யூகலிப்டஸ் மரங்கள் நெடுநெடுவென்று நிற்கும். அந்தச் சாலையை இருட்டாக்கி, மரங்களின் மீது காட்சிகளைப் படரவிட்டிருந்தார்கள். கட்டணம் இல்லை. குழந்தையைத் தோளில் தூக்கியவர்கள், சக்கர நாற்காலியில் வந்த பாட்டிகள், எல்லாரும் நடந்துகொண்டே பார்த்தார்கள்.

நூங்கர் மக்கள் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரிப்பவர்கள்: பிராக், புனுரு, ஜெரான், மகுரு, ஜில்பா, கம்பராங். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று படித்து வளர்ந்த எனக்கு அங்கே நின்றபோது உடம்பு சிலிர்த்தது. ஐரோப்பியர் கொண்டுவந்த நான்கு பருவக் கணக்கு அந்த மண்ணுக்குப் பொருந்தவே பொருந்தாது. டிசம்பரில் கொளுத்தும் வெயிலில் பனிமனிதன் படம் போட்ட வாழ்த்து அட்டை அனுப்பும் ஊர் அது. அதே ஊரில், இந்த மண்ணின் கணக்கு வேறு என்று ஒரு மரத்தின் உடம்பைக் கொண்டே சொன்னார்கள். அதை ஓர் அரங்கத்துக்குள் திரையில் காட்டியிருந்தால் அடுத்த வாரமே மறந்திருப்பேன்.

நகரத்து மரத்தை எத்தனை பேர் நிமிர்ந்து பார்க்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அந்தச் சாலையில் நான் எத்தனையோ முறை கார் ஓட்டிப் போயிருக்கிறேன். மரப்பட்டையைத் தொட்டுப் பார்த்தது அன்றுதான்.

ஜூன் 2, இரவு 11.05

ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்த மரத்தின் பட்டை வழவழப்பாக, வெளிர் நிறத்தில் இருக்கும். ஒளியைத் திருப்பித் தருவதில் அதற்கு ஈடான மரம் குறைவு. ஆகவே குறைந்த ஒளியிலேயே படம் எழும். மரத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. கரடுமுரடான கருப்புப் பட்டை என்றால் இதே காட்சிக்குப் பல மடங்கு ஒளி கொட்ட வேண்டியிருக்கும்.

ஜூன் 3, மாலை 6.30

கீழே ஒருவர் "லேசர் ஷோதானே, மதுரையில் திருமலை நாயக்கர் மகாலில் காலங்காலமாக நடக்கிறதே" என்று எழுதியிருக்கிறார். ஒலி-ஒளிக் காட்சி, லேசர் ஷோ, நாம் பேசும் வீடியோ என்ற மூன்றையும் ஒன்றாகக் கலக்கிறார். மகாலில் நடப்பது ஒலி-ஒளிக் காட்சி: பதிவு செய்த வசனம், அதற்கேற்ப தூண்கள் மீதும் வளைவுகள் மீதும் எரிந்து அணையும் வண்ண விளக்குகள். பிரான்சின் ஷாம்போர் கோட்டையில் 1952இல் தொடங்கிய வடிவத்தின் வழிவந்தது. லேசர் ஷோ என்பது ஒரு கற்றையை வேகமாக ஆட்டிக் கோடுகள் வரைவது. நாம் பேசுவது வீடியோவை, அதாவது நகரும் படத்தை, திரையல்லாத ஒரு பொருளின் மீது அதன் வடிவத்துக்கேற்ப விழச்செய்வது. இப்போது பல புரொஜெக்டர்களில் பழைய செனான் விளக்குக்குப் பதிலாக லேசர்தான் ஒளி தருகிறது என்பதால் குழப்பம் வருகிறது. வெளியே வருவது படம்தான்.

இதில் அடிப்படையான ஒரு விஷயம் இருக்கிறது. புரொஜெக்டரால் கருப்பைக் காட்ட முடியாது. படத்தில் கருப்பாக இருக்கும் இடம் என்பது ஒளி விழாத இடம், அவ்வளவே. அந்தக் கருப்பை இரவுதான் கொடுக்கிறது. பக்கத்தில் ஒரு தெருவிளக்கு எரிந்தால் மரம் ஏற்கெனவே வெளுத்திருக்கும், படத்தின் நிழல்கள் செத்துப்போகும். ஆகவே எங்கள் வேலையில் முதல் சண்டை எப்போதும் விளக்கை அணைக்கச் சொல்லித்தான். பூங்கா அதிகாரி, பாதுகாப்புக் காவலர், தேநீர்க் கடைக்காரர் என்று ஒவ்வொருவரிடமும் போய், இதை அணையுங்கள், இதைத் திருப்புங்கள் என்று கெஞ்ச வேண்டும்.

இரண்டாவது, இலை. வெள்ளைச் சுவர் தன் மீது விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். பச்சை இலை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத்தான் தரும், அதிலும் பச்சையை மட்டும் கொஞ்சம் தாராளமாக. சிவப்பையும் நீலத்தையும் பச்சையம் விழுங்கிவிடுகிறது. கணினித் திரையில் அழகாகத் தெரிந்த செம்பருத்தி நிறம் இலைக்கூட்டத்தில் அழுக்குப் பழுப்பாகிவிடும். புதிதாக வரும் கலைஞர்கள் முதல் இரவில் இதைப் பார்த்து முகம் வாடிப்போவார்கள். பிறகு நிறத்தைக் குறைப்பார்கள், கடைசியில் வெளுத்த சாம்பலும் மஞ்சளும் மிஞ்சும். அப்போதுதான் படம் மரத்தோடு சேரும்.

ஜூன் 4, இரவு 9.45

முகம் எதற்கு என்று கேட்டீர்கள். கலைஞரின் தற்பெருமை என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. காரணம் வேறு.

இலைக்கூட்டம் ஒரே தளத்தில் இல்லை. முன்னால் ஓர் இலை, இரண்டு மீட்டர் பின்னால் ஒரு கிளை, இடையில் வெற்றிடம். படம் துண்டு துண்டாகச் சிதறித்தான் விழும். எழுத்து எழுதினால் படிக்க முடியாது, நுணுக்கமான ஓவியம் காணாமல் போகும். ஆனால் முகத்துக்கு இரண்டு கண்ணும் ஒரு வாயும் மங்கலாகக் கிடைத்தால் போதும், மனித மூளை மீதியை நிரப்பிக்கொள்ளும். மேகத்திலும் சுவர்க் கறையிலும் முகம் தெரிவது அதனால்தான்.

ஆஸ்திரேலியக் கலைஞர் கிரெய்க் வால்ஷ் இதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறார். ‘மான்யுமென்ட்ஸ்’ என்ற வரிசை. எந்த ஊரில் காட்டுகிறாரோ அந்த ஊர்க்காரர்களின் முகங்களைப் படம்பிடித்து, அதே ஊர் மரங்களில் பெரிதாகக் காட்டுவார். பேச்சு இல்லை, கதை இல்லை. முகம் கண் சிமிட்டும், பக்கவாட்டில் பார்க்கும், பெருமூச்சு விடும். ஊர்ச் சதுக்கங்களில் தளபதிகளுக்கும் ஆளுநர்களுக்கும் வெண்கலச் சிலை நிற்கும் நாட்டில், அந்த ஊரில் வாழும் ஒருவரை மரத்தளவு உயர்த்திக் காட்டுவது சாதாரணக் காரியம் இல்லை.

காற்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். காற்றடித்தால் கிளைகள் அசைந்து கன்னம் விம்மும், நெற்றி சுருங்கும். இதைக் கணினியில் யாரும் செய்து வைக்கவில்லை, மரம் செய்கிறது. முகம் உயிரோடு இருப்பதாகத் தோன்றுவதில் பாதிக்கு மேல் மரத்தின் பங்கு. புரொஜெக்டருக்கு அருகில் நின்று பார்த்தால் முகம் முழுதாகத் தெரியும். பக்கவாட்டில் நடந்து போனால் மெல்ல மெல்லக் கலைந்து வெறும் வெளிச்சம் பட்ட இலைகளாகிவிடும். நான் எப்போதும் பார்வையாளர்களைச் சுற்றி நடக்கச் சொல்வேன். அந்தக் கலைதலைப் பார்ப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

ஜூன் 5, பிற்பகல் 1.10

"இதெல்லாம் நேற்று முளைத்த வித்தை" என்பவருக்கு.

1790களில் பாரிஸில் எத்தியென் ராபர்ட்சன் என்பவர் மந்திர விளக்கை, அதாவது கண்ணாடியில் வரைந்த படத்தை விளக்கொளியால் பெரிதாக்கிக் காட்டும் பழைய கருவியை, வைத்துக்கொண்டு புகையின் மீது பேய் உருவங்களை விழச்செய்தார். சக்கரம் வைத்த விளக்கை முன்னும் பின்னும் தள்ளினால் உருவம் பெரிதாகிப் பார்வையாளர் மீது பாய்வது போலிருக்கும். மக்கள் அலறினார்கள்.

அமெரிக்கக் கலைஞர் டோனி அவுர்ஸ்லர் 2000ஆம் ஆண்டில் அதை வெளியே கொண்டுவந்தார். ‘தி இன்ஃப்ளூயன்ஸ் மெஷின்’. முதலில் நியூயார்க்கின் மேடிசன் சதுக்கப் பூங்கா, பிறகு லண்டனின் சோஹோ சதுக்கம். மரக்கிளைகளிலும் புகையிலும் முகங்கள் தோன்றி, இறந்தவர்கள் பேசுவது போல உடைந்த வாக்கியங்கள் பேசின. சோஹோவைத் தேர்ந்தெடுத்ததில் அர்த்தம் உண்டு. அங்கிருந்து சில நிமிட நடையில், ஃப்ரித் தெருவில், ஜான் லோகி பேர்ட் 1926 ஜனவரியில் தொலைக்காட்சியைச் செய்து காட்டினார். அவுர்ஸ்லர் இதையெல்லாம் ஒரே சரடாகக் கோக்கிறார். மோர்ஸ் தந்தி அனுப்பியது 1844. நான்கே ஆண்டுகளில், 1848இல், நியூயார்க் மாநிலத்தின் ஃபாக்ஸ் சகோதரிகள், ஆவிகள் சுவரைத் தட்டித் தங்களோடு பேசுகின்றன என்றார்கள். தூரத்திலிருந்து உடம்பில்லாத சேதி வரும் என்று ஆகிவிட்ட பிறகு, எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம் என்று மனம் நம்பத் தயாராகிவிடுகிறது.

நம் ஊர் மரங்களில் முனி இருப்பதாகச் சொல்லி வளர்த்தார்களே, அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை. மரத்தில் முகம் தெரியும்போது ஒரு கணம் அந்தப் பயம் வரும். அது வர வேண்டும் என்றே நினைக்கிறேன். பயமும் மரியாதையும் கலந்த அந்த உணர்வோடு மரத்தின் கீழ் நின்றவர்கள் அதை எளிதில் வெட்டவில்லை.

ஜூன் 5, பிற்பகல் 1.40

புகை பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: புகையிலும் பனிமூட்டத்திலும் படம் நன்றாகத் தெரிய வேண்டுமானால் பார்வையாளர் புரொஜெக்டருக்கு எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும். துளிகள் ஒளியை முன்னோக்கித்தான் அதிகம் சிதறடிக்கும். தெளிந்த குளத்து நீரில் படம் நிற்காது, கலங்கிய நீரில் நிற்கும். ஜப்பானின் சாகா மாவட்டத்தில் மிஃபுனேயாமா ராகுவென் என்ற 1845இல் அமைத்த தோட்டம் இருக்கிறது. அதன் குளத்தில் டீம்லேப் என்ற ஜப்பானியக் கலைக்குழு, படகும் கோய் என்ற வண்ணக் கெண்டை மீன்களும் நகர்வதற்கேற்ப நீரின் மீது வண்ணக்கோடுகள் வரையும் ஒரு படைப்பை வைத்தார்கள்.

ஜூன் 8, இரவு 8.50

இப்போது பறவை.

இந்த மூன்று நாளும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு கணக்கு. லூமென் என்பது ஒரு விளக்கு கொட்டும் மொத்த ஒளியின் அளவு. 20,000 லூமென் புரொஜெக்டர் பெரிய நிகழ்ச்சிகளில் சாதாரணம். பத்து மீட்டர் அகலம், பத்து மீட்டர் உயரம் உள்ள மரமுடியில் அதை முழு வெண்மையாக விட்டால், ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 200 லூமென், அதாவது 200 லக்ஸ். பௌர்ணமி நிலவு உச்சியில் நிற்கும்போதுகூடத் தரையில் கிடைப்பது கால் லக்ஸ் அளவுதான். படத்தில் கருப்பு நிறைய இருக்கும் என்பதால் சராசரி குறையும். குறைந்தாலும் நிலவைப் போல் நூறு மடங்குக்கு மேல்தான். அந்த மரத்தில் தூங்கும் உயிர்களுக்கு இப்படி ஓர் இரவு எந்தத் தலைமுறையிலும் வந்ததில்லை.

செயற்கை ஒளியின் பாதிப்பை அளந்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் இருண்ட புல்வெளிகளில் தெருவிளக்குகளை நட்டு ஆராய்ந்த குழு 2017இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியது: ஒளியூட்டிய இடங்களில், இரவில் பூக்களுக்கு வரும் பூச்சிகளின் வருகை 62 விழுக்காடு குறைந்தது. ஒரு முட்செடி வகையில் காய்ப்பு 13 விழுக்காடு குறைந்தது. பகலில் வரும் பூச்சிகளால் அந்த இழப்பை ஈடுகட்ட முடியவில்லை. அதே ஆண்டு நியூயார்க்கிலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. செப்டம்பர் 11 நினைவாக ஆண்டுக்கு ஓர் இரவு வானத்தை நோக்கி இரண்டு ஒளித்தூண்களை எழுப்புகிறார்கள், 88 செனான் விளக்குகள், ஒவ்வொன்றும் 7,000 வாட். ஏழு ஆண்டுகளில் ஏழு இரவுகளில் அந்த ஒளி சுமார் 11 லட்சம் வலசைப் பறவைகளைப் பாதித்ததாகக் கணக்கிட்டார்கள். பறவைகள் கற்றைக்குள் சிக்கிச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. அணைத்தவுடன் கலைந்து போயின.

இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். அணைத்தவுடன் கலைந்து போயின. அதனால்தான் அங்கே தன்னார்வலர்கள் இரவெல்லாம் நின்று எண்ணுகிறார்கள். கற்றைக்குள் பறவைகள் ஆயிரத்தைத் தாண்டினால் 20 நிமிடம் விளக்குகளை அணைக்கிறார்கள். இத்தனை பேர் துக்கம் சுமந்து நிற்கும் நினைவு நிகழ்ச்சியையே பறவைக்காக நிறுத்த முடிகிறது என்றால், ஒரு கலைவிழா நிறுத்த முடியாதா?

ஜூன் 8, இரவு 11.55

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

மரத்தில் படம் விழும்போது கற்றைக்குள் விட்டில்கள் வரும். வெள்ளைப் பொறிகள் பறப்பது போலிருக்கும், பார்வையாளர்கள் கைதட்டுவார்கள். ஒரு பூங்காவில் இரவுகளில் தவளைவாயன் என்ற பறவை ஒன்று வந்து புரொஜெக்டர் கோபுரத்தின் கம்பியில் உட்கார்ந்துகொள்ளும். பகலில் முறிந்த கிளையைப் போல அசையாமல் இருக்கும் பறவை அது. எங்கள் ஒளிக்கு வந்த விட்டில்களைப் பிடித்துத் தின்றுகொண்டே இருந்தது. குழுவில் எல்லாருக்கும் அதன் மீது பிரியம், அதற்கு ஒரு பெயர்கூட வைத்தார்கள். நானும் மகிழ்ந்தேன்.

இப்போது அந்த விட்டில்களின் பக்கமிருந்து யோசிக்கிறேன். அவை பூவுக்குப் போக வேண்டியவை, இணையைத் தேட வேண்டியவை. பறவைக்குக் கிடைத்த விருந்து அவற்றுக்கு அழிவு. கலைஞர்கள் இயற்கை எங்கள் படைப்பில் பங்கேற்கிறது என்று அறிமுகத் தாளில் எழுதும்போது இனி எனக்கு அந்த விட்டில்கள்தான் நினைவுக்கு வரும்.

கேள்வி கேட்டவரின் பக்கம் பாதி வந்துவிட்டேன். முழுதாக வரவில்லை.

ஜூன் 11, இரவு 9.20

ஏன் முழுதாக வரவில்லை என்றால், இடத்துக்கு இடம் வித்தியாசம் இருக்கிறது.

நகர நடுவில், இரவெல்லாம் தெருவிளக்கும் விளம்பரப் பலகையும் எரியும் இடத்தில் நிற்கும் மரம் ஏற்கெனவே இரவை இழந்த மரம். அங்கே ஒரு மணி நேரம் படம் காட்டுவதற்காகச் சுற்றுவட்டார விளக்குகளையெல்லாம் அணைத்தால், அந்த மரத்துக்கு மொத்தத்தில் வெளிச்சம் குறையவும் வாய்ப்புண்டு. நிகழ்ச்சி முடிந்ததும் விளக்குகளை உடனே போடாமல் விட்டால் இன்னும் நல்லது. காட்டுக்குள் கொண்டுபோவது வேறு கதை. கனடாவின் கியூபெக்கில் கோட்டிகூக் பள்ளத்தாக்குப் பூங்காவில் மோமென்ட் ஃபேக்டரி நிறுவனம் 2014இல் ‘ஃபொரெஸ்டா லூமினா’ என்ற இரவு நடைபாதையைத் தொடங்கியது. மரங்களுக்கிடையே ஒளியும் கதையுமாக நடந்து போகலாம். பெரும் வெற்றி, பிறகு வேறு நாடுகளிலும் அந்த வரிசை பரவியது. நடந்தவர்கள் பரவசப்படுகிறார்கள் என்பதை நம்புகிறேன். ஆனால் ஓர் இரவு, இரண்டு இரவு என்பது வேறு, பருவம் முழுவதும் இரவுதோறும் என்பது வேறு. எனக்கு இந்த இரண்டாவது வகையில் மனம் ஒப்பவில்லை.

அதே 2014இல் ஃப்ரீட்ரிக் ஃபான் ஷூர், தாரெக் மவாத் என்ற இரண்டு இளைஞர்கள் ஒரு காட்டில் தங்கி, காளான், பாசி, தவளை, சிலந்திவலை என்று சிறு சிறு பொருள்களின் மீது ஒளிப்புள்ளிகளைப் பொருத்திப் படமெடுத்தார்கள். கூட்டம் இல்லை, கோபுரம் இல்லை. காளானின் குடை விளிம்பில் மட்டும் ஒளி ஓடும். இவ்வளவு சிறிதாகச் செய்ய முடியும் என்று முதன்முதலில் எனக்குக் காட்டியது அதுதான். தவளையை விட்டிருக்கலாம் என்பது என் கருத்து, அது உயிருள்ளது, நகர முடியாமல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறது.

பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஃபிலிப் எஷாரூ 2016இல் பிரேசிலின் ரொண்டோனியா மாநிலத்தில் சுருயி பழங்குடியினரின் முகங்களை அவர்களுடைய காட்டு மரங்களின் மீதே காட்டினார். சட்டவிரோத மரவெட்டும் தங்க வேட்டையும் அந்தக் காட்டைத் தின்றுகொண்டிருந்தன, சுருயி தலைவர் அல்மிர் உலகத்தின் கவனத்தைத் தேடிக்கொண்டிருந்தார். ஒளி அந்த மக்களின் ஒப்புதலோடு, அவர்களுடைய முகத்தோடு, அவர்களுடைய மரத்தில் விழுந்தது. இதை எதிர்த்துப் பேச எனக்கு வாய் வராது. அந்த மரம் வெட்டப்படுவதோடு ஒப்பிட்டால் சில இரவுகளின் ஒளி ஒன்றுமே இல்லை.

ஜூன் 11, இரவு 9.50

அந்தப் படங்களை இணையத்தில் பார்த்துவிட்டு "இவ்வளவு பளிச்சென்று இருக்கிறதே" என்று எழுதியவருக்கு: கேமரா ஷட்டரைப் பல விநாடிகள் திறந்து வைத்தால் மங்கலான படமும் பளிச்சென்று பதியும். நேரில் அவ்வளவு வெளிச்சம் இராது, இருக்கவும் வேண்டாம். இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிடமாவது ஆகும். பழகிய கண்ணுக்கு மிகக் குறைந்த ஒளி போதும். நிகழ்ச்சி நடத்துபவர்கள் பார்வையாளரை அந்த இருபது நிமிடம் இருட்டுப் பாதையில் நடக்கவிட்டால் புரொஜெக்டரின் ஒளியைப் பாதிக்கு மேல் குறைக்கலாம். இதை நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறேன். கைப்பேசி வெளிச்சம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும் என்கிறார்கள். அப்படியானால் கைப்பேசியைப் பையில் வைக்கச் சொல்ல வேண்டியதுதான்.

ஜூன் 12, காலை 7.15

"மரத்தை விட்டுவிட்டுக் கட்டடத்தில் இயற்கையைக் காட்டலாமே?" நல்ல யோசனை, நடந்தும் இருக்கிறது. 2015 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் மீது, அழிவை நோக்கிப் போகும் உயிரினங்களைக் காட்டினார்கள். ஆவணப்பட இயக்குநர் லூயி சிஹோயோஸும் அப்ஸ்குரா டிஜிட்டல் நிறுவனமும் சேர்ந்து செய்தது. பக்கத்துக் கூரையில் 20,000 லூமென் புரொஜெக்டர்கள் 40. படம் 33 மாடி உயரம். அந்த ஆண்டு டிசம்பர் 8 அன்று வத்திக்கானில் புனித பேதுரு பேராலயத்தின் முகப்பிலும் இதே கருத்தில் ஒரு காட்சி நடந்தது. கல்லுக்கு வலிக்காது, கூட்டம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது, வானம் ஏற்கெனவே வெளுத்திருக்கிறது. வலசைக் காலத்தைத் தவிர்த்தால் போதும். எங்கள் துறையின் பெரிய வேலைகள் இந்த வழியில் போவது நல்லது.

ஆனாலும் கட்டடத்தில் சிறுத்தை ஓடுவதைப் பார்ப்பவர் சிறுத்தையைப் பார்க்கிறார், வியக்கிறார், போகிறார். மரத்தடியில் நின்றவர் தன் தெருவில் நாளைக்கும் நிற்கப்போகும் ஓர் உயிரைப் பார்க்கிறார். இந்த வித்தியாசத்தை எதைக் கொண்டும் நிரப்ப முடியவில்லை, அதனால்தான் மரத்தை முழுதாக விட்டுவிட என்னால் முடியவில்லை.

ஜூன் 14, இரவு 10.30

கோபத்தோடு எழுதுகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். இன்று ஒரு கூட்டம். பழைய அத்திமரம் ஒன்று, அகன்று கவிந்த முடி, அடர்ந்த இலை. கலைஞர் நான்கு நிமிடக் காட்சி செய்து வைத்திருக்கிறார், மெல்லியது, மரத்தின் கிளைகளையே பின்தொடர்ந்து செல்லும் ஒளிக்கோடுகள். நிதி தருபவர்களின் ஆள் வந்து, நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை தங்கள் நிறுவனச் சின்னம் அரை நிமிடம் தெரிய வேண்டும், முழு வெளிச்சத்தில், என்றார். இலையில் எழுத்து நிற்காது என்று விளக்கினேன். அப்படியானால் மரத்தின் முன்னால் ஒரு வலைத்திரை கட்டலாமே என்றார்.

மரத்தை மறைத்துத் திரை கட்டி மரத்தைப் பற்றிய கலை. இதற்கு நான் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கலைஞரும் விலகிக்கொண்டார். பணம் அவருக்குத் தேவை என்பது எனக்குத் தெரியும், அதனால் மனது கனக்கிறது.

ஜூன் 17, மாலை 5.40

சென்னையிலிருந்து ஒருவர், பெசன்ட் நகர் கடற்கரை மணலில் அலைகளின் மீது இப்படிச் செய்தால் எப்படி இருக்கும் என்று கேட்கிறார். அழகாக இருக்கும். ஜனவரி முதல் மே வரை மட்டும் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். பங்குனி ஆமைகள் அந்தக் கரையில் முட்டையிடும், குஞ்சு பொரிக்கும் காலம் அது. குஞ்சுகள் வெளிச்சமான அடிவானத்தைக் கடலென்று நம்பி ஓடும், தெருவிளக்கு அவற்றைச் சாலைக்கு இழுத்துவிடும். 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் அந்த மணலில் நடந்து முட்டைகளைப் பாதுகாத்து வருகிறார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அங்கே ஒரு டார்ச்சுகூட அடிக்கக் கூடாது.

ஆனைமலைப் பக்கம் காட்டோரம் செய்ய ஆசை என்பவருக்கும் இதே பதில். உலாந்தி வனச்சரகத்தில் கோடை மழைக்கு முன் மின்மினிகள் மரம் மரமாக ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணைகின்றன. அவை ஒளியால்தான் துணையை அழைக்கின்றன. அங்கே நம் புரொஜெக்டருக்கு வேலையே இல்லை.

"ஊர் ஆலமரத்தில் திருவிழா இரவு மட்டும்?" என்றும் கேட்டிருக்கிறார்கள். இதற்கு நான் இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது, ஊர்தான் சொல்ல வேண்டும். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் கலையக் கூடாது என்பதற்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. குழந்தைகள் உட்பட ஊரே பல தலைமுறையாக அப்படி இருக்கிறது. இங்கே பெர்த்தில் நாங்கள் கூட்டம் போட்டு, அறிக்கை எழுதி, நிபுணரை அழைத்துச் செய்யும் முடிவை அந்த ஊர் எப்போதோ எடுத்துவிட்டது. ஆலமரத்தில் பழந்தின்னி வௌவால்கள் தொங்குகின்றனவா, ஆந்தைப் பொந்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கோயில் சுவரில் காட்டுங்கள்.

ஜூன் 20, இரவு 9.05

மதுரையிலிருந்து எழுதிய கல்லூரி மாணவிக்கு. வளாகத்து வேப்பமரம், கல்லூரியில் இருக்கும் 4,000 லூமென் வகுப்பறைப் புரொஜெக்டர், ஓர் இரவு, தாவரவியல் துறையோடு சேர்ந்து. தாராளமாகச் செய்யலாம். இந்த இழையில் இதுவரை வந்த திட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

வேம்பின் இலை சிறியது, முடி அடர்த்தி, படம் நன்றாகத் தங்கும். நான்கு மீட்டர் அகலத்துக்கு மேல் ஆசைப்படாதீர்கள், அதற்கு ஆறு மீட்டர் தள்ளி வைக்க வேண்டியிருக்கும். முடி முழுவதையும் நிரப்பாமல் கீழ்க்கிளைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மேலே தூங்குபவை தூங்கட்டும். நீலத்தை அடியோடு குறைத்து மஞ்சளும் பழுப்புமாக வையுங்கள், பூச்சிகள் குறைவாக வரும். படத்தின் ஓரங்களைக் கருப்பில் கரையவிடுங்கள், இல்லாவிட்டால் மரத்தில் ஒரு நாற்கரச் சட்டம் தெரியும். வளாக விளக்குகளை அணைக்க முதல்வரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், கடைசி நேரத்தில் காவலர் போட்டுவிடுவார். யாரும் லென்ஸை நேராக உற்றுப் பார்க்காதபடி கயிறு கட்டுங்கள். சித்திரை, வைகாசியில் வேண்டாம், வேம்பு பூத்தும் பழுத்தும் நிற்கும்போது அங்கே வரும் உயிர்கள் அதிகம்.

அதற்கு முன் சில மாலைகள் புரொஜெக்டர் இல்லாமல் அந்த மரத்தடியில் போய் உட்காருங்கள். எந்தப் பறவை எத்தனை மணிக்கு அடைகிறது என்று தாவரவியல் ஆசிரியரோடு சேர்ந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பையும், மரத்துக்கும் நீங்கள் நிறுத்தப்போகும் இடத்துக்கும் உள்ள தூரத்தையும் இங்கே எழுதினால், எந்த உயரத்தில் வைப்பது, எத்தனை மணிக்கு நிறுத்துவது என்று சொல்கிறேன்.